ஆறு கூண்டுகள் குறைகின்றன: நன்கொடை வேண்டுகோள்

மிச்சிகன் வாழ் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கார்னர் புளூ வண்ணத்துப்பூச்சிக்குக் கேட்ட 3,000 டாலர் முழுதும் சேர்ந்துவிட்டது. பைப்பிங் ப்ளோவர் பறவையின் முட்டைகளைக் காக்கும் பத்துக் கம்பிக்கூண்டுகளுக்குக் கேட்ட 3,000-ல் வந்தது 1,200 தான். மீதி 1,800 டாலர் மார்ச் 31-க்குள் வேண்டும். ஏப்ரல் கடைசியில் பறவைகள் கரைக்கு வந்துவிடும்.

முதலில் நன்றி. வண்ணத்துப்பூச்சிக்கு உணவாகும் லூப்பின் செடியின் விதைக்கு அள்ளிக்கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும், சேமிப்பு உண்டியலை உடைத்துத் தந்த பிள்ளைகளுக்கும், முதல் ஆளாகக் கொடுத்த பெரியவர்களுக்கும் குழு கடமைப்பட்டிருக்கிறது. வாசலில் அரிசிமாக் கோலமிட்டு எறும்புக்கும் இரை வைத்த மரபு நம்முடையது. கார்னர் புளூவின் புழுவைக் காவல்காப்பதும் எறும்புகளே.

அந்தப் புழு லூப்பின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. காட்டுத்தீயை அணைத்து அணைத்து மரம் மூடியதால், நிழலில் லூப்பின் பூக்காமல் போயிற்று. வெயில் படும்படி லூப்பின் திடலை எரித்துத் திறக்க வேண்டும், அதையும் பகுதி பகுதியாகத்தான். மொத்தமாக எரித்தால் குளிர்காலத்தைக் கடக்கக் காத்திருக்கும் முட்டைகள் கருகும். விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் தேய்த்து, கடுங்குளிருக்கு முன் நவம்பரிலேயே விதைத்தால் குளிர்பட்டு வசந்தத்தில் முளைக்கும். வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து பட்டுப்போகும்.

பறவைக்கும் வெட்டவெளி மணல்தான் வாழ்வு. பூச்சிக்கு நெருப்பு திறந்துவிடுவதை இதற்கு அலை திறந்துவிடுகிறது. நம்மூர் உப்புக்கொத்தியின் உறவான இது, பேரேரிக் கரைகளில் 1986-ல் அழியும் இனமாக அறிவிக்கப்பட்டபோது 17 ஜோடி, 1990-ல் 12. தன்னார்வலர்கள் வெயிலிலும் காற்றிலும் காவல் நின்று, 2024-ல் 81 ஆக்கினார்கள். இலக்கு 150.

மணலில் நான்கு முட்டை, ஏறக்குறைய 28 நாள் அடைகாப்பு. 2×4 அங்குலக் கண்ணுள்ள கம்பிக்கூண்டில் தாய் புகுந்து வரும். கடற்காகமும் ரக்கூனும் புக முடியாது. மேலே வலை கட்டாவிட்டால் காகம் இறங்கிவிடும். மெர்லின் வல்லூறு திரியும் இடத்தில் கூண்டே ஆபத்து: வெளியே வரும் பெற்றோரைப் பிடித்துவிடும். ஆகவே கூண்டோடு காவலும் தேவை. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அமைப்பார்கள். நாம் நெருங்கக் கூடாது.

ஒரு கூண்டுக்கு 300 டாலர். பத்தில் நான்குக்குப் பணம் இருக்கிறது. கோடை முழுதும் அதே மணலில் பாய் விரித்து உட்காருகிறோம். அங்கே முட்டையிடும் உயிருக்குக் கை சுருங்குவது நமக்கு அழகல்ல.

மூன்று குடும்பம் சேர்ந்தும் ஒரு கூண்டு தரலாம். பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெறுங்கள். மே முதல் கரைக்குச் செல்வோர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
நிதிக்குழு