திருச்செந்தூரில் இரண்டு ராத்திரி, தூத்துக்குடியில் இரண்டு

பாளையங்கோட்டை

அன்புள்ள சுப்புவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் கையால் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கு எப்படித்தான் பொறுமை வந்ததோ. கோழிக்கிறுக்கல் மட்டும் ஹாஸ்டல் நாளிலிருந்து மாறவே இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை இவரும் நானும் மாறி மாறிப் படித்தும் விளங்கவில்லை. அது மாமியாரின் மூட்டு வலியைப் பற்றியா, முட்டை விலையைப் பற்றியா?

இங்கே எல்லாரும் சுகம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். கூடவே வீட்டு மூலையில் இருக்கிற ஒட்டடையும் கண்ணில் படுகிறது, அதுதான் எனக்கு வந்த வினை. பெரியவன் மஸ்கட்டில்தான் இருக்கிறான், சித்திரைக்கு வருவானாம். நான் ரிட்டயர்டு ஆனபின் காலையில் தெருக்கோடி வரை நடக்கிறேன், அதற்கு மேல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், திருச்செந்தூர், தூத்துக்குடிக் கரையில் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல், பழைய துறைமுகம் எல்லாம் நிதானமாகப் பார்க்கவேண்டும், எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறாய். மூன்று இடத்தையும் நீயே சொல்லியிருக்கிறாய். திருநெல்வேலியில் நல்ல ஓட்டலாகப் பார்த்து ரூம் போட்டு டாக்சியில் போய்வருவது ஒன்று. மணப்பாடு பக்கம் உன் மகள் நெட்டில் பார்த்த கடற்கரை விடுதி ஒன்று. இல்லையென்றால் என் வீடு.

என் வீட்டை முதலில் தள்ளிவிடு. கோபப்படாதே. இங்கே வந்தால் நாம் பேசிக்கொண்டே இருப்போம், இட்லி சாப்பிட்டு முடிக்க ஒன்பதாகும், கிளம்பப் பத்தாகும். திருச்செந்தூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதற்குள் வெயில் ஏறி, வரிசையும் நீண்டுவிடும். ஊரெல்லாம் சுற்றி முடித்து, கடைசியில் இங்கே வா. அப்போது எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

திருநெல்வேலி ஓட்டலும் இதே கதைதான். ரூம் நன்றாக இருக்கும், சாப்பாடும் நன்றாக இருக்கும், ஆனால் நீ பார்க்க வந்தது எதுவும் அங்கே இல்லை. இந்தக் கரையில் ஒவ்வொரு ஊரும் ஒரு நேரத்தில்தான் முழிக்கும். திருச்செந்தூருக்கு விடியற்காலை, மணப்பாட்டுக்கு வெயில் தாழ்கிற நேரம், தூத்துக்குடிக்கு ராத்திரி. நடுப்பகலில் காரில் வந்து இறங்கினால் மூன்று ஊரும் ஒன்றுபோலத்தான் தெரியும், வெயிலும் பார்க்கிங்கும்தான் மிச்சம். ரூமின் அழகைப் பார்க்காதே, எந்த ஊரின் எந்த நேரத்தில் அங்கே காலால் நடக்கமுடியும் என்று பார். அதனால்தான் சொல்கிறேன், திருச்செந்தூரில் இரண்டு ராத்திரி, தூத்துக்குடியில் இரண்டு.

திருச்செந்தூரில் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ரூம் எடு. தேவஸ்தான விடுதி இருக்கிறது, சுற்றுலாத் துறையின் தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது, தனியார் லாட்ஜுகளும் நிறைய. ரயில் விடியற்காலை கொண்டுவந்து விடும் என்பதால், ரூம் போடும்போதே இருபத்துநாலு மணி நேரக் கணக்கா, மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கா என்று கேட்டுக்கொள். பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் விடியற்காலை வந்து இறங்குகிறவளுக்கு ஒரு நாள் வாடகை தண்டம். மாமியாருக்குத் தரைத்தளம் கேள். லிப்ட் இருக்கிறது என்றால், அது ஓடுகிறதா என்றும் கேள். இன்னொன்று, பைப்புத் தண்ணீர் உப்பா என்று கேட்க மறந்துவிடாதே. கடலோரத்தில் பல இடத்தில் போர்வெல் தண்ணீர்தான், சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகிவிடும். என் நாத்தனார் குடும்பம் ஒரு விடுதியில் கடல் பார்த்த ஜன்னலுக்கென்று கூடக் காசு கொடுத்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. கண்ணாடி வழியே கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நடை ஐந்து மணிக்குத் திறக்கும், விசேஷ நாளென்றால் இன்னும் முன்னாலேயே. அந்த நேரத்தில் போனால்தான் அது கடற்கரைக் கோயில் என்பது தெரியும். முதலில் கடலில் குளியல், பிறகு நாழிக்கிணறு. பெரிய கிணற்றுக்குள்ளே ஓரடிச் சதுரத்தில் ஒரு சின்னக் கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீரில் உப்பு கிடையாது. ஈரப்புடவையோடு படியேறி வருகிற கிழவிகள், மொட்டை போட்ட குழந்தைகளின் தலையில் சந்தனம், பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதி. இலையைப் பிரித்தால் நரம்பு பன்னிரண்டு இருக்கும், முருகனின் பன்னிரு கை என்பார்கள். எண்ணிப் பார்க்காதே, வாங்கிக்கொண்டு நட. வெயில் ஏறுமுன் தரிசனம் முடித்து, வடக்கே வள்ளி குகையையும் பார்த்து, ரூமுக்கு வந்து மாமியாரைப் படுக்கவைத்துவிடலாம். பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவளுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

அன்று சாயங்காலம் காயல்பட்டினம் போங்கள். எட்டு கிலோமீட்டர்தான். தங்க வசதி இருக்கும் என்று நினைத்துப் போகாதே. அது வீடுகளின் ஊர், அசலூர்க்காரர்களுக்காக ஏற்பட்ட ஊரல்ல. ஆனால் பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரை வந்து இறங்கிய காயல் துறை இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வந்து குறித்துவைத்ததும் இதைத்தான். பெரிய குத்பா பள்ளியை வெளியிலிருந்து பார்த்தாலே கல்தூணும் மண்டபமும் நம் ஊர்க் கோயில் வேலை போலத் தெரியும். பெண்கள் போய்வர வீடுகளுக்குப் பின்னால் தனியாகச் சந்து வைத்த ஊர் அது. வெள்ளிக்கிழமை மதியம் போகவேண்டாம். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, யாரிடமாவது அனுமதி கேட்டுவிட்டுப் போ. மரியாதையாகப் பேசுவார்கள்.

உனக்குப் பிடிக்கிற ஒரு சேதி சொல்கிறேன். அருணகிரிநாதர் திருச்செந்தூர் முருகன்மேல் பாடிய திருப்புகழை நம் தமிழ் டீச்சர் சந்தத்தோடு பாடச்சொல்லி வதைத்தாளே, அதே சந்தத்தில் நபிகள் நாயகத்தின்மேல் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் காயல்பட்டினத்துக்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் இருபது நிமிஷம். திருநெல்வேலியிலிருந்து டாக்சி பிடித்து வந்தால் இந்த இருபது நிமிஷத்தைக் கவனிக்கவே மாட்டாய்.

இரண்டாம் நாள் காலையில் ஆழ்வார்திருநகரியும் தென்திருப்பேரையும். நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயிலையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடிக்கலாம், விட்டுக்கொடுக்காதே. மதியம் எல்லாவற்றிலும் நடை சாத்திவிடுவார்கள், ஓட்டமாகத்தான் இருக்கும். நம்மாழ்வார் இருந்த புளியமரத்தின் அடியில் அரை மணி நேரம் உட்காரவிடு, போதும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக்குத் தோண்டிய குழிகளுக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, 2023இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். முதுமக்கள் தாழி எந்த மண்ணில் எந்த நிலையில் கிடந்ததோ அதே இடத்தில் குனிந்து பார்க்கலாம். உன் மகளுக்கு அது பிடிக்கும்.

மணப்பாட்டு விடுதி விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஆசைப்படுவது தப்பில்லை, ஊர் அவ்வளவு அழகு. மணல்மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில் (1581இல் கட்டியது என்பார்கள்), கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்த குகை, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல், தெருவில் பழைய பரதவர் வீடுகள், திண்ணையில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள். ஆனால் ராத்திரி எட்டுக்குமேல் மாமியாருக்கு ஒரு மாத்திரை வேண்டும் என்றால் ஆட்டோ தேடி அலையவேண்டும். சைவச் சாப்பாட்டுக்கு விடுதிக்காரர் வைத்ததுதான். விடுதியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஊர் தெரியாது. திருச்செந்தூரிலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நாலு மணிக்குக் கிளம்பிப் போய், மேட்டின்மேல் உட்கார்ந்து, சூரியன் ஆற்றுப்பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஏழரைக்குத் திரும்பிவிடலாம். வழியில் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மனைக் கும்பிட்டுக்கொள், உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள். சீனி கலந்ததும் விற்கிறார்கள், ஓரத்தைக் கடித்துப் பார்த்து வாங்கு.

குலசேகரன்பட்டினத்து (குலசை) தசராவுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். தனியாக வருவதாக இருந்தால் வா என்பேன். மாமியாரோடு வேண்டாம். பத்தாம் நாள் நடுராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரை முழுக்க ஜனம், திருச்செந்தூர், உடன்குடி எங்கேயும் ரூம் கிடையாது. ஆனால் காப்புக் கட்டினபின் வேஷம் போட்டவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கக் கிளம்பிவிடுவார்கள், அதற்குக் குலசை வரை போகவேண்டியதில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காளி வேஷத்துக்காரர் ஒருவர், முதுகில் கட்டிய மரக்கைகள் பெஞ்சில் இடிக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, சிவப்பு நாக்கைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் காசு வாங்கவில்லை, கும்பிட்டுவிட்டுக் காணிக்கைத் தட்டில் அவர்தான் பத்து ரூபாய் போட்டார்.

மழைக்காலத்தையும் விட்டுவிடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது உனக்கு நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றவர்களை மீட்டெடுக்கவே படாதபாடு பட்டார்கள். என் யோசனை மாசி மாதம். வெயிலும் சுள்ளென்று இருக்காது, பதநீரும் இறங்க ஆரம்பித்திருக்கும். மாசித் திருவிழாவில் ஏழாம் நாள் சண்முகர் சிவப்பு சாத்தி, எட்டாம் நாள் வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி என்று நிறம் மாறி வருவதை மாமியார் பார்த்தால் உன்னை ஆயுசுக்கும் வாழ்த்துவாள். ஆனால் அந்த நாட்களுக்கு ரூம் இப்போதே போட்டாகவேண்டும். பௌர்ணமியும் ஞாயிறும் சேரும் நாளை மட்டும் தவிர்த்துவிடு. இப்போதெல்லாம் பௌர்ணமி ராத்திரி ஜனம் கடற்கரையிலேயே படுக்கிறது.

மூன்றாம் நாள் காலை தூத்துக்குடி கிளம்புங்கள், நாற்பது கிலோமீட்டர். பழையகாயல், முள்ளக்காடு பக்கம் உப்பளம் வரும், வண்டியை நிறுத்தி மகளுக்குக் காட்டு. வெள்ளைக் கூம்புகளை நெட்டில் பார்த்திருப்பாள், பாத்திக்குள் நின்று உப்பு வாரும் பெண்களின் காலை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

தூத்துக்குடியில் ரூம் போடும்போது மட்டும் என் பேச்சைத் தட்டாதே. புது பஸ் ஸ்டாண்டு, பைபாஸ் பக்கம் ஓட்டல்கள் புதுசாக, மினுமினுப்பாக இருக்கும், அங்கே வேண்டாம். பழைய ஊருக்குள், பனிமய மாதா கோயிலுக்கும் கிரேட் காட்டன் ரோட்டுக்கும் பக்கத்தில் எடு. ரூம் கொஞ்சம் பழசாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மாதா கோயிலின் இப்போதைய கட்டடம் 1713இல் எழும்பியது. காலைப் பூசைக்கு வருகிற பரதவப் பெண்கள் தலையில் முக்காடு போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்தால், பள்ளிவாசலா, அம்மன் கோயிலா, மாதா கோயிலா என்று ஒரு நிமிஷம் உனக்கே குழம்பும். அங்கிருந்து நடந்தால் பழைய துறைமுகம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளையும் பார்க்கலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்குமேல் மகளைக் கூட்டிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போ. இந்த ஊர் விசைப்படகுகள் விடியற்காலை போய் அன்று ராத்திரியே திரும்பிவிடும், ஏலமும் அப்போதுதான். விளக்கு வெளிச்சத்தில் சீலா, பாறை, கணவாய் என்று கூறு கூறாகக் கொட்டி, ஏலம் விடுகிறவர் மூச்சுவிடாமல் விலை சொல்வார். நமக்கு ஒரு எண்ணும் புரியாது, வாங்குகிறவர்கள் தலையசைப்பில் முடித்துவிடுவார்கள். சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15இலிருந்து இரண்டு மாதம் தடைக்காலம், அதனாலும் மாசிதான் சரி. திரும்பி வரும்போது பரோட்டா. மறுநாள் பேக்கரியில் மக்ரூன் வாங்கு. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி, இவ்வளவுதான் அதில். மாமியாரிடம் முட்டை என்று சொல்லவேண்டுமா என்பதை நீ பார்த்துக்கொள்.

செலவு அதிகமாகுமே, இரண்டு இடத்தில் பெட்டி கட்டவேண்டுமே என்று நினைப்பாய். திருநெல்வேலி ஓட்டல் வாடகையும் நாலு நாள் டாக்சிப் பெட்ரோலும் கூட்டிப்பார், அதற்குக் குறைவாகத்தான் வரும். பெட்டியைச் சின்னதாகக் கட்டு. பட்டுப்புடவையைக் கொண்டுவராதே, கடல் காற்றில் சரிகை கறுத்துவிடும்.

ஐந்தாம் நாள் காலை தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான், பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். உளுந்தங்களி கிண்டி வைக்கிறேன், கருப்பட்டி நீ கொண்டுவரவேண்டும். மாசித் திருவிழாத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துத் தனியாக எழுதி அனுப்புகிறேன். ரயில் டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல், அப்படியே அந்த இரண்டாம் பக்கத்து வரி என்னவென்றும் சொல்.

என்றும் உன்
பழைய ரூம்மேட்