கணினி வேடத்தில் ஒருவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் விடுதி வாழ்க்கைக்கு ஒருவாறு பழகிவிட்டாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நாளிதழைத் தானே படிக்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் கைத்தறிச் சங்கத்தின் இணையதளத்துக்கு வடிவமைப்பாளர் அனுப்பிய படங்களை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டுவிட்டது என்றும், நிரல் எழுதும் வேலையைத் தொடங்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தாய். சற்றுப் பொறுத்து, அதே பக்கங்களைக் காகிதத்தில் வரைந்து, புடவை வாங்கக்கூடிய சிலர் முன் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இது புதிய யோசனை அல்ல. 1980களின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியாவில் நடந்த ‘யுடோபியா’ திட்டத்தில், நாளிதழ் அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, இன்னும் உருவாகாத கணினிக் கருவிகளைக் காகிதத்தாலும் ஒட்டுப்பலகையாலும் செய்துவைத்து வேலை பார்த்தார்கள். லேசர் அச்சுப்பொறி என்று எழுதி ஒட்டிய வெறும் அட்டைப்பெட்டியும் அவற்றுள் ஒன்று. பின்னர் மென்பொருள் நிறுவனங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. 2003இல் கரோலின் ஸ்னைடர் இதற்கென்றே ஒரு முழு நூல் எழுதினார்.

ஒவ்வொரு திரைக்கும் ஒரு தாள், விரியும் பட்டியல்களுக்கும் பிழைச் செய்திகளுக்கும் சிறு சீட்டுகள், தட்டச்சு செய்யும் இடத்தின் மேல் வைக்க ஒரு கண்ணாடித் தாள், அதில் எழுதி அழிக்க ஒரு பேனா ஆகியவை போதும். ஓடிபி கேட்கும் திரையையும் விட்டுவிடாதே. கணினிக்குப் பதிலாக ஒருவர் உட்கார்ந்து கணினி வேடம் ஏற்க வேண்டும்; எண் எழுதிய சீட்டை அவர் நீட்டட்டும். சோதனைக்கு வந்தவர் விரலால் எதைத் தொடுகிறாரோ அதற்குரிய தாளை எடுத்து வைப்பது மட்டுமே கணினி வேடக்காரரின் வேலை. வாய் திறக்கக் கூடாது. தளத்தை உருவாக்கியவருக்கு இதுதான் பெரும்பாடு, ஏனெனில் எதிரே இருப்பவர் தடுமாறும்போது விளக்கிச் சொல்ல நாக்கு துடிக்கும். ஆகவே அந்த வேடத்தை நீ ஏற்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

இன்னொருவர், வந்தவரிடம் அவர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி, மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். ‘கூடையில் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள்’ என்றால் விடையையே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ‘3,000 ரூபாய்க்குள் ஒரு பருத்திப் புடவை வாங்கி, வெளியூரில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கே அனுப்புங்கள்’ என்று சொல்லிப் பார். பணம் கட்டுபவரின் முகவரியும் பார்சல் போகும் முகவரியும் வேறாக இருக்கலாம் என்பதை உங்கள் படிவம் மறந்திருந்தால், அது அப்போதே வெளிப்பட்டுவிடும். அனுப்பும் கட்டணத்தைக் காட்டுவதற்கு முன்பே கணக்குத் தொடங்கச் சொல்லும் இடத்தில் எத்தனை பேர் கையை எடுத்துவிடுகிறார்கள் என்பதையும் கவனி.

மெருகேறிய படத்தைக் காட்டினால் பேச்சு நிறத்திலும் எழுத்துருவிலும் போய் நிற்கும். பென்சில் கோடுகளைக் கண்டால் கூச்சம் விட்டுப்போய், பேனாவை வாங்கித் தாமே திருத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, சிறிய கைப்பேசித் திரையில் விரல் எங்கே தவறிப் படுகிறது என்பனவற்றைக் காகிதம் காட்டாது. புடவையின் நிறம் திரையில் நேரில் காண்பது போலவே தெரிகிறதா என்பது உங்கள் வணிகத்தின் உயிர். அதையும் பின்னர் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்று குழு கேட்கும். 5 பேரைக் கொண்டே சுமார் 85 விழுக்காடு சிக்கல்களைக் கண்டுவிடலாம் என்று, இணையதளங்களைப் பயன்படுத்துவது எளிதா என்று ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். மறு ஆண்டே அதே துறையைச் சேர்ந்த ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய வணிகத் தளங்களுக்கு அது போதாது என்று மறுத்தார்கள். எனக்கு அந்த விழுக்காட்டில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் 15 பேரை ஒரே தடவையில் சோதிப்பதைவிட, ஐந்தைந்து பேராக அழைத்து, இடையிடையே திருத்திக்கொள்வது மேல் என்று நீல்சன் சொன்னது சரியென்றே படுகிறது. தாளைத் திருத்த அழிரப்பர் போதுமே.

நிர்வாகக் குழுவினர் ஓரிருவரை மூலையில் உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொல். தாம் ஏற்ற வடிவத்தில் வாடிக்கையாளர் தடுமாறுவதை அவர்களே பார்த்துவிட்டால், மாற்றத்துக்காக நீ வாதாட வேண்டியிராது. அடுத்த மாதம் அங்கு வருகிறேன்; அதற்குள் தாள்கள் தயாராகிவிட்டால் கணினி வேடத்தை நானே ஏற்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்