வேலிக்காத்தான் சுள்ளியைக் கரியாக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. இந்தக் கோடையில் எங்கள் நிலத்தை அடைத்திருந்த வேலிக்காத்தானை (சீமைக்கருவேலம்தான்) வெட்டி, பயோசார் என்கிற மண்ணுக்கான கரியாக்கி முடித்தோம். உதவியவர்கள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி கரிமூட்டம் போடும் மாமாவுக்கும் அத்தைக்கும். எங்கள் மாவட்டத்துக்கு மூட்டம் புதிதில்லை. தடித்த கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியை லாரி ஏற்றிவிடுவார்கள். மிலாறும் சுள்ளியும் யாருக்கும் வேண்டாம், வரப்பிலேயே கொளுத்திவிடுவோம். எங்களுக்கு வேண்டியது அந்தச் சுள்ளிதான். "மிலாற எரிச்சா சாம்பல்தான் வரும் மாப்ள" என்று மாமா சிரித்தார். சிரித்துவிட்டு மறுநாள் காலையிலேயே மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

சுள்ளிக்கு மூட்டம் இல்லை, குழிதான். குழி மேலே அகலமாக, அடியில் குறுகலாக இருக்க வேண்டும். தீயை மேலிருந்துதான் வைக்க வேண்டும். மேல் சுள்ளியில் வெள்ளையாகச் சாம்பல் படியத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் தீ காற்றை இழுத்துக்கொள்வதால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். அந்த நேரம் பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கவைக்கம்பால் முள்ளைத் தள்ளிக்கொண்டே "இப்பப் போடு" என்று மாமா சொன்னது ஒருமுறைகூடப் பிசகவில்லை. அணைத்த கரியைக் கையில் தேய்த்துத் தண்ணீரில் கழுவிக் காட்டியது அத்தை. பிசுக்கில்லாமல் போனால் வெந்துவிட்டது. பிசுபிசுத்தால் வேகவில்லை, எடுத்து அடுத்த குழியில் போடு.

அப்புறம், அணைக்கத் தண்ணீர். கோடையில் இங்கே தண்ணீர் கேட்பதும் கடன் கேட்பதும் ஒன்று. பண்ணைக்குட்டையைத் திறந்துவிட்ட பங்காளிக்கு நன்றி. 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வந்தபோது ஊரே சேர்ந்து வெட்டியது. தூர் மண்ணிலேயே இருந்ததால் அடுத்த மழைக்கே தழைத்துவிட்டது. இந்தமுறை தூரோடு பிடுங்கிப்போட்ட ஜேசிபி தம்பிக்கும் நன்றி. டயர் பஞ்சர் செலவை நாங்கள் கொடுக்க வந்தும் அவர் வாங்கவில்லை. நெற்று பழுக்குமுன் வெட்டச் சொன்ன, ஆடு மேய்க்கும் கீதாரிக்கும் நன்றி. ஆடு தின்றால் விதை புழுக்கையோடு ஊரெல்லாம் முளைக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது.

மண் பரிசோதனை செய்து கொடுத்த மேடத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், எங்கள் ஆர்வத்துக்குக் கடிவாளம் போட்டதற்காக. பயோசார் அதிகம் கைகொடுப்பது புளிப்பு (அமில) மண்ணில். நம்முடையது கார மண், கரியிலும் சாம்பலிலும் காரத்தன்மை உண்டு. "அள்ளிக் கொட்டாதீங்க, சாம்பலைக் கழுவுங்க, தொழு எருவோடு ஊறவைங்க, முதல்ல ஒரு மூலையில போட்டுப் பாருங்க" என்றார். பச்சைக் கரியை அப்படியே போட்டால் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தைக் கொஞ்ச நாள் கரியே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதையும் அவர்தான் விளக்கினார். மெஷின் வாங்கினால் மகசூல் இரட்டிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு டீ கொடுத்து அனுப்பினோம்.

காய்ந்த சுள்ளி 100 கிலோ போட்டால் சுமார் 20 கிலோ கரிதான் மிஞ்சும். ஆகவே முழு நிலத்துக்கும் இப்போது வராது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்க்கு, பாத்தியில் வேர்ப்பக்கம் மட்டும் இந்தப் பருவம் போடப்போகிறோம். பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டு ஒப்பிடுவோம். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அதில் ஈரம் தங்கி, மழை தள்ளிப்போகும் நாட்களில் செடி வாடாமல் நின்றால் அதுவே எங்களுக்குப் போதும்.

எருவோடு ஊறிய கரி களத்துமேட்டுக் கொட்டகையில் இருக்கிறது. உதவிய எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. புரட்டாசிக்குள் சாக்கோடு வாருங்கள். ஊறாததைக் கேட்காதீர்கள், மேடத்திடம் நாங்கள் திட்டு வாங்க முடியாது.