நாய், பூனைக் கருத்தடைச் சட்டம்: டர்பன் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயாமாரே, அம்மாமாரே, வணக்கம்.

வீட்டில் வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை கட்டாயம் என்று நம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மாநகரம் 2021-ல் துணைவிதி (மாநகராட்சி போடும் உள்ளூர்ச் சட்டம்) கொண்டுவந்தது. டர்பனிலும் அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். இந்த நாட்டில் எந்தத் துணைவிதியும் மக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்ட பிறகுதான் மாநகர மன்றத்தில் நிறைவேற முடியும். அந்தக் கட்டத்தில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரபேங்க், டோங்காட் என்று நம் மக்கள் வாழும் பகுதிகளிலிருந்து எழுதிப் போடுவது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் கவுன்சிலருக்கு எழுதுவதற்கு முன் உங்களுக்கு எழுதுகிறேன்.

"வாயில்லா ஜீவனை வெட்டுவது பாவம்" என்று நம்மில் பலர் சொல்வார்கள். புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகளில் இந்த எண்ணம் இன்னும் பலமாக இருக்கும். அந்த மனசை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதே மனசுதான் ஐந்து குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கோயில் வாசலில் வைத்துவிட்டு, யாராவது பால் ஊற்றுவார்கள் என்று நம்பி வீட்டுக்குப் போகிறது. பெட்டை நாய் சினை பிடித்த ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும், வருஷத்துக்கு இரண்டு முறைகூடப் பருவத்துக்கு வரும். பூனை பிறந்த நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் பிடிக்கும். பிறக்கிற அத்தனைக்கும் வீடு எங்கே? மிஞ்சுகிறவை விலங்கு நலச் சங்கத்தின் கூண்டுக்குப் போகின்றன, அங்கே இடமில்லாமல் போனால் கடைசி ஊசிதான். பாவக் கணக்கு பார்ப்பதென்றால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வெறிநாய் நோய் இன்னொரு பக்கம். நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தை அது பல பத்தாண்டுகளாக விடாமல் பிடித்திருக்கிறது. அறிகுறி தெரிந்த பிறகு மனிதர் பிழைப்பது அரிதிலும் அரிது. குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசி, ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்று சட்டம் ஏற்கெனவே கட்டாயப்படுத்துகிறது. ஊரிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டிருந்தால்தான் நோய் அடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த மாதம் அந்த அளவை எட்டினாலும், ஊசி போட்ட கிழட்டு நாய்கள் செத்து, போடாத குட்டிகள் தெருவெல்லாம் பெருகினால் அது மறுபடி சரிந்துவிடும். குட்டிகள் குறைந்தால்தான் போட்ட ஊசிக்குப் பலன் நிலைக்கும். கருத்தடை விதியை நான் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, விதி வந்தால் முதலில் யார் மாட்டுவார்கள்? இங்கேதான் எனக்குப் பயம். முதியோர் உதவித்தொகையில் ஜீவிக்கிற ஒரு ஆயா, திருடனுக்குப் பயந்து ஒரு நாய் வளர்க்கிறாள். கார் கிடையாது, பலர் சேர்ந்து போகும் டாக்சி வேனில் நாயோடு ஏற விடமாட்டார்கள், தனியார் மருத்துவர் கேட்கும் தொகை அவளுக்குக் கட்டாது. அவளுக்கு அபராதச் சீட்டு நீட்டினால் அவள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ராத்திரியோடு ராத்திரியாகக் கேட்டைத் திறந்துவிடுவாள். அந்த நாயும் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

பின்கட்டில் பெட்டை நாயை அடைத்துவைத்து, ஈடு தவறாமல் குட்டி எடுத்து, வாட்ஸ்அப்பில் விற்கிறவன் மட்டும் தப்பிவிடுவான். 2022 கடைசியில் பிட்புல் இன நாய்களின் தாக்குதல்களால் நாடே கொதித்து, தடை கேட்டுக் கையெழுத்து வாங்கியபோதும் எல்லாரும் நாயைத்தான் பேசினார்கள், அதைப் பெருக்கி விற்றவனைப் பற்றிப் பேச்சு குறைவு. நம் தெருக்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், சிலர் கோயிலுக்கு நன்கொடையும் தருவார்கள். உரிமம் இல்லாமல் குட்டி விற்றால் பெரிய அபராதம், வளர்ப்பவருக்கு முதலில் அவகாசமும் இலவச அறுவை சிகிச்சையும், அதற்குப் பிறகே தண்டம். இந்த வரிசையில் விதி வேண்டும் என்று எழுதுங்கள். வேண்டவே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள்.

எழுதுவதோடு நிற்க வேண்டாம். உங்கள் மண்டபத்தில் கத்தி வைக்கச் சொல்லவில்லை, அறுவை சிகிச்சை முறையான மருத்துவ இடத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் பெயர் பதிய ஒரு மேசை போடலாம். முந்தின இரவிலிருந்து தீனி போடக் கூடாது, தையலை நக்கவிடக் கூடாது, காயடித்த கடுவனும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் என்பதையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் சொல்ல இளைஞர்களை நிறுத்தலாம். காவடிக்குச் சாமான் ஏற்றும் பக்கி வண்டியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஒரு சனிக்கிழமை ஆயாக்களின் நாய்களைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடலாம். அரசு கால்நடைத் துறையைக் கேட்டால் அதே நாளில் வெறிநாய்த் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்ய முடியும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் வெடிச் சத்தத்தால் மிரண்டோடும் நாய்களைக் காட்டி நம்மைக் குறை சொல்வதும், நாம் கோபப்படுவதும் இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. கோபத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு, புத்தாண்டுக்கு ஊரே வெடிக்கிறது. என்றாலும் பதில் அறிக்கை விடுவதில் காட்டும் வேகத்தில் பாதியை இதில் காட்டலாம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பெயர் பதியும் மேசைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கோயில் உறுப்பினர்