ஜோர்ஜ் குறொஸ் கழகத்தின் வரலாற்றை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கரோலைன் ஸ்பிரிங்ஸ் ஜோர்ஜ் குறொஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையை ஏற்றிருப்பதாக எழுதியிருந்தீர்கள். 2027இல் கழகத்துக்கு 80 வயது. மால்ட்டாக்காரர் தொடங்கிய கழகத்தைப் பற்றித் தமிழர் ஒருவர் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். உங்கள் பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு விளையாடினால் அது உங்கள் கழகமும்தான். ஆனால் வென்ற கிண்ணங்களின் பட்டியலை அச்சடித்து அதையே வரலாறு என்று கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியல் இணையத்தில் ஏற்கெனவே கிடக்கிறது. இந்த ஆட்கள் ஏன் மெல்பேர்ணின் மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தார்கள், மைதானத்தில் கோடு போட்டதும் சட்டைகளைத் துவைத்ததும் யார், நாட்டின் உச்ச லீக் வரைக்கும் போன கழகம் ஏன் அங்கே நிலைக்கவில்லை என்பவைதான் எங்கும் எழுதப்படாமல் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கழகம் பிறந்த 1947இல் தொடங்காதீர்கள், 1916இல் தொடங்குங்கள். அந்த ஆண்டு 'காஞ்ச்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் 214 மால்ட்டாக்காரர் அவுஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். மால்ட்டா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்ததால் எல்லோரும் பிரிட்டிஷ் குடிகள். கட்டாய இராணுவ சேவை பற்றிய வாக்கெடுப்பு நெருங்கிய நேரம் அது. போருக்குப் போகும் ஆண்களின் வேலையைப் பறிக்க மலிவுக் கூலிகள் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வேண்டாதவர்களைத் தடுக்க வைத்திருந்த சொல்வதெழுதல் பரீட்சையை அரசாங்கம் அவர்களுக்கு டச்சு மொழியில் வைத்தது. அத்தனை பேரும் தோற்றார்கள், கப்பல் நியூ கலிடோனியாவுக்குத் திருப்பப்பட்டது. அடுத்த ஆண்டில்தான் நாட்டுக்குள் விட்டார்கள். பிறகு 1942 ஏப்ரல் 15இல், குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்த மால்ட்டாத் தீவுக்கு மன்னர் ஆறாம் ஜோர்ஜ் வீரத்துக்கான 'ஜோர்ஜ் குறொஸ்' பதக்கத்தை வழங்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து மெல்பேர்ணில் தொடங்கிய கழகம் அந்தப் பதக்கத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. இந்த மூன்று ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'தாங்களும் பிரிட்டிஷ்காரர்தான் என்று காட்டவே இந்தப் பெயரை வைத்தார்கள்' என்று மட்டும் நீங்களாக எழுதாதீர்கள். கூட்டக் குறிப்பிலோ, தொடங்கியவர்களின் வாய்மொழியிலோ சான்று கிடைத்தால் எழுதுங்கள்.

பெருங்கூட்டமாக வந்தது அதற்குப் பிறகுதான். போர் முடிந்து கடற்படைத் துறைமுகத்தில் வேலை சுருங்கியது, சிறிய தீவில் ஆட்கள் அதிகம். 1948இல் இரு அரசுகளும் பயணச்செலவு உதவி ஒப்பந்தம் செய்துகொண்டன. மெல்பேர்ணின் மேற்குப் புறநகரான சன்ஷைனில் மக்கேயின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையும் அதைச் சுற்றிப் பல ஆலைகளும் இருந்தன. நிலமும் மலிவு. வேலைக்குப் போன இடத்துக்குப் பக்கத்திலேயே வீட்டைக் கட்டினார்கள், பந்தும் அங்கேயே உருண்டது. சென் அல்பன்ஸ் பக்கத்தில் 1955இல் உருவான கிறீன் கலி கழகமும் மால்ட்டாக்காரர் தொடங்கியதுதான். அதைத் தனி அத்தியாயமாக்காமல் உங்கள் கதையோடு சேர்த்தே சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சமூகம்தான் வளர்த்தது.

இனித் தேடும் முறைக்கு வருகிறேன். தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் 'சன்ஷைன் அட்வகேட்', 'த ஏஜ்' இரண்டும் 1954 வரைக்கும்தான் கிடைக்கும். 'ஆர்கஸ்' 1957 ஜனவரியில் நின்றுபோகும் வரை இருக்கிறது. அதற்குப் பிறகு தேடல் பெட்டியில் ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணவேண்டாம், சுவான்ஸ்டன் வீதியில் மாநில நூலகத்துக்குப் போய் நுண்படச் சுருள்களைப் பார்க்கவேண்டும். 'ஃபுட்போல்' என்று தேடினால் மெல்பேர்ணில் அவுஸ்திரேலிய விதி ஆட்டம்தான் வந்து குவியும், 'சொக்கர்' என்று தேடுங்கள். வெறுமனே 'ஜோர்ஜ் குறொஸ்' என்று போட்டால் பதக்கம் பெற்றவர்களின் செய்திதான் வரும். எதிரணியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பழைய பத்திரிகை எழுத்தைக் கணினி அடிக்கடி தவறாக வாசிக்கும், மால்ட்டாப் பெயர்களைச் செய்தியாளரே தவறாக எழுதியிருப்பார். ஒரு பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள்.

மால்ட்டாவில் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. போர்க், கமிலேரி, வெல்லா, ஃபருஜியா, சமிட் என்ற ஐந்துமே ஏராளமான பேருக்கு உண்டு. 1950களின் அணிப் பட்டியலில் ஒரு வெல்லாவும் 1960களில் இன்னொரு வெல்லாவும் வந்தால் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு முதற்பெயர், மால்ட்டாவில் பிறந்த ஊர், வந்த கப்பல், பட்டப்பெயர் நான்கையும் குறியுங்கள். அவர்கள் ஊரில் ஆளைப் பிரித்தறிவதே பட்டப்பெயரால்தான். இத்தாலியர், போலந்துக்காரர் பற்றித் தேடுபவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிநாட்டவர் பதிவுக் கோப்புகளைப் பார்ப்பார்கள். அந்த வழி உங்களுக்குச் சரிவராது. பிரிட்டிஷ் குடிகளான மால்ட்டாக்காரர் அப்படிப் பதிய வேண்டியிருக்கவில்லை. கப்பல் பயணிகள் பட்டியலுக்குப் போங்கள்.

மைதானம் பற்றிய கடிதங்கள் கழகத்தில் இல்லாவிட்டாலும் நகரசபையில் இருக்க வாய்ப்புண்டு. கழகத்தின் பழைய மைதானமான சப்ளின் ரிசேர்வ் இருந்தது பழைய சன்ஷைன் நகரசபையின் எல்லைக்குள். 1994 டிசம்பரில் அந்தச் சபை கலைக்கப்பட்டு, புதிதாக உருவான பிரிம்பாங்க் சபைக்குள் அடங்கியது, கரோலைன் ஸ்பிரிங்ஸோ மெல்டன் சபைக்குள் வருகிறது. ஆக, இரண்டு சபைகளுக்கும் மாநிலப் பொது ஆவண அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதவேண்டும். மின்விளக்கு, உடைமாற்றும் அறை, குத்தகை இவற்றில் எது எப்போது யார் பணத்தில் வந்தது என்று கேளுங்கள்.

1964இல் கழகம் அவுஸ்திரேலியக் கிண்ணத்தை வென்றது. மால்ட்டா சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டுதான். இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அந்தக் கிண்ணப்போட்டி 1962 முதல் 1968 வரை மட்டும் நடந்தது. 2014இல் தொடங்கிய இன்னொரு போட்டிக்கு 2022இல் அதே பெயரைச் சூட்டினார்கள். இரண்டும் வேறு, தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

1984ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று எழுதவேண்டும். அந்த ஆண்டு தேசிய லீக் இரு பிரிவுகளில் 24 அணிகளாக விரிந்தபோது சன்ஷைன் ஜோர்ஜ் குறொஸ் (உங்கள் கழகத்தின் அப்போதைய பெயர்), கிறீன் கலி, சிட்னியின் மெலிற்றா ஈகிள்ஸ் மூன்றும் ஒன்றாக உள்ளே வந்தன. ஒரு சிறு தீவிலிருந்து வந்தவர்களின் மூன்று கழகங்கள் ஒரே பருவத்தில் நாட்டின் உச்ச லீக்கில் ஆடின! இதைவிடப் பெரிய செய்தி உங்கள் புத்தகத்தில் இருக்கப்போவதில்லை. 1987இல் லீக் மறுபடி ஒரே பிரிவாகச் சுருங்கியபோது கிறீன் கலிக்கு இடமில்லை, சன்ஷைன் 1990–91 பருவம் வரை தாக்குப்பிடித்தது. ஏன் வெளியேறியது என்பதற்கு நடுவர்மீதும் சம்மேளனத்தின்மீதும் பழி சொல்லும் கதைகள் நிறையக் கிடைக்கும். பொருளாளரின் கணக்குப் புத்தகம் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள்: விமானச் சீட்டுக்கு எவ்வளவு, வாசலில் எவ்வளவு சேர்ந்தது, சிற்றுண்டிக்கடையில் பஸ்திட்சி என்ற மால்ட்டாப் பலகாரம் விற்று எவ்வளவு வந்தது. ஆண்டைக் குறிக்கும்போதும் கவனம். லீக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியதால் 1989 ஒரு பருவம், 1989–90 இன்னொரு பருவம்.

கெவின் மஸ்கட் என்ற வீரர் பெரியவர்களின் முதல் அணியில் ஆடத் தொடங்கியது சன்ஷைனில்தான். பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் மெல்பேர்ண் விக்டரிக்கும் ஆடிய கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அரைப் பக்கம் போதும்.

பெயர் விவகாரத்தை மூடி மறைக்காதீர்கள். 1990களில் இனப் பெயர்களையும் சின்னங்களையும் விடும்படி கழகங்களைத் தலைமைச் சங்கம் நெருக்கியது. 2014இல் வந்த கொள்கை புதிதாக அப்படிப் பெயர் வைப்பதைத் தடுத்தது, 2019இல் அது நீக்கப்பட்டது. அந்தக் காலத்துச் சின்னங்கள், கடிதத் தாள்கள், சட்டைகள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக அடுக்கிப் படம் எடுங்கள். எழுதாத பலதை அவையே சொல்லும்.

படங்களுக்கு வருவோம். 1970களின் ஒட்டும் அல்பங்கள்தான் பெரிய எதிரி. பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கிழியும். கழற்றுவதற்கு முன் பக்கத்தை அப்படியே படம் எடுங்கள், வரிசையும் பக்கக் குறிப்பும் தப்பும். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். 600 டிபிஐயில் ஸ்கான் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பின்பக்கத்தில் எழுதுவதென்றால் மெல்லிய பென்சில்தான், பேனை எழுத்து முன்பக்கத்தில் ஊறிவரும். அசலைச் சொந்தக்காரரிடம் அன்றே திருப்பிக் கொடுங்கள். ஒரு வீட்டு அல்பம் தொலைந்தால் மற்ற வீடுகளும் கதவைச் சாத்திக்கொள்ளும்.

பழையவர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு அணிப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோங்கள். 'கழகம் உங்களுக்கு எப்படி?' என்று கேட்டால் எல்லோரும் 'ஒரு குடும்பம்' என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை யார் வலை கட்டினார்கள், சட்டை எந்த வீட்டில் காய்ந்தது, வெளியூர் ஆட்டத்துக்கு யாருடைய லொறி என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் களைக்கவிடாதீர்கள். ஒலிப்பதிவுக்கும் வெளியிடுவதற்கும் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வீரரோடு மட்டும் பேசிவிட்டு வந்துவிடாமல் அவர் மனைவியிடமும் தனியாக உட்காருங்கள். சிற்றுண்டிக்கடையின் ஐம்பது வருடக் கணக்கு அவர் வாயில்தான் இருக்கிறது.

எதை முதலில் செய்வது என்றால், வீடியோ நாடாக்கள். கடதாசி இன்னும் இருபது வருடம் தாங்கும், 1980களின் விஎச்எஸ் தாங்காது. பூஞ்சணம் பிடித்த நாடாவை இயந்திரத்தில் போடவே வேண்டாம், நாடாவும் போகும், இயந்திரத்தின் தலையும் போகும். அவற்றைத் தனிப் பையில் கட்டி, மேலே ஆண்டையும் எதிரணியையும் எழுதி வையுங்கள். நல்லவற்றை இந்த மாதமே எண்ணிமமாக்கக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்