குழந்தைப் பாதுகாப்பு: ஓட்டை எங்கே?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பு ஏற்பாட்டில் உள்ளாட்சி மன்றம், சுகாதாரத் துறை, காவல்துறை மூன்றுக்கும் சம பொறுப்பு என்கிறது 2017 சட்டம். பிள்ளையைத் தினமும் பார்க்கும் பள்ளியை அது இந்த மூவரோடு சேர்க்கவில்லை. விசித்திரம்தான்.

காலக்கெடுவில் குழப்பமில்லை. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தகவல் வந்த ஒரு வேலை நாளுக்குள் சமூகப் பணியாளர் அடுத்த நடவடிக்கையை முடிவு செய்ய வேண்டும். கடும் தீங்கு என்ற ஐயம் எழுந்தால் துறைகள் கூடிப் பேச வேண்டும்; அதிலிருந்து 15 வேலை நாளுக்குள் பாதுகாப்புக் கூட்டம். அதில் பிள்ளையைக் காக்கும் திட்டம் முடிவானால் அடுத்த 10 வேலை நாளுக்குள் அதை நடத்தும் சிறு குழு கூட வேண்டும்.

கோளாறு தகவலைப் பகிர்வதில். மருத்துவமனை பார்த்த எலும்பு முறிவு, காவல்துறை போய்வந்த வீட்டுச் சண்டை, பள்ளி பதிவு செய்த அடிக்கடி விடுப்பு: தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. மூன்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதினால்தான் ஆபத்து தெரியும். ‘தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது’ என்பது வெறும் சாக்கு. குழந்தையைக் காக்கத் தகவல் பகிர அச்சட்டம் இடம் தருகிறது.

இன்னொன்று, முடிவெடுக்கும் அதிகாரமில்லாத ஊழியரைக் கூட்டத்துக்கு அனுப்புவது. அவர் குறிப்பெடுத்துக்கொண்டு போவார். கூட்டத்தில் பேசிய வேலை யார் பொறுப்பிலும் சேராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்