ஐந்து கடவுச்சீட்டுகளைக் காத்துத் தந்த அம்மாவுக்கு

உளவியலாளர் டோரிஸ் ஆலன் தொடங்கி, 1951இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் முதல் முகாமை நடத்திய, பல நாட்டுப் பிள்ளைகளை ஒன்றுகூட்டும் சிஐஎஸ்வி அமைப்பின் சிறுவர் முகாமுக்கு, வழக்கப்படி இரண்டு சிறுவர், இரண்டு சிறுமியர் என 11 வயதுப் பிள்ளைகள் நால்வருக்குப் பொறுப்பாளராக நான் ஸ்வீடன் புறப்பட்டேன். பிராங்பர்ட்டில் விமானம் மாறும்போது ஒரு சிறுமி வாந்தியெடுக்க, அவளைக் கழுவிவிடும் அவசரத்தில், எங்கள் ஐந்து கடவுச்சீட்டுகளும் பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களும் இருந்த துணிப்பையைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டேன். முழுத் தவறும் என்னுடையதே.

அம்மா, அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நீங்கள், அந்தப் பையுடன் மூச்சிரைக்க எங்கள் வாயில்வரை ஓடி வந்தீர்கள். தந்ததும் திரும்பிப் போகாமல், சோர்ந்து கிடந்தவளின் முன் மண்டியிட்டு, அவள் காலணியில் ஒட்டியிருந்த கறையை ஈரத்துணியால் துடைத்து, உங்கள் சட்டைப்பையிலிருந்த இஞ்சி மிட்டாய் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டீர்கள். நமக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பணம் நீட்டிய என் கையை (நினைத்தால் இன்றும் கூசுகிறது) மெல்ல விலக்கினீர்கள்.

அந்த விமான நிலையத்தில் பணிபுரியும் தமிழர் எவரேனும் இதைப் படித்தால், நரைத்த கூந்தலைப் பச்சைத் துணியால் கட்டியிருக்கும் அந்த அம்மையாரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: முகாமில் எங்கள் நாட்டுப் பண்பாட்டைக் காட்டும் இரவில் அந்தச் சிறுமிதான் கோலமிட்டாள், மிட்டாய்த் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.